கரைந்தது போக மிஞ்சியதே நிலம்

லண்டனின் தென்மேற்கே, இலங்கைத் தமிழர்கள் கணிசமாக வாழும் பகுதிகளுள் ஒன்று மிச்சம். பழைய ஆங்கிலத்தில் 'பெரிய குடியிருப்பு' என்று பொருள்படும் அந்தப் பெயர், தமிழர் காதில் 'எஞ்சியது' என்றே ஒலிக்கும். இந்த ஒற்றுமை தற்செயலானது. ஆயினும் நிலவியல் நோக்கில் பார்த்தால், தமிழ்ப் பொருளும் அவ்வூருக்குப் பொருந்தவே செய்கிறது. மிச்சம் காமன் எனப்படும் பரந்த பொதுவெளியின் அடியிலும் அதைச் சூழ்ந்த தெருக்களின் அடியிலும் கிடக்கும் சரளைக்கற்களில் பெரும்பகுதி, தெற்கே உள்ள சுண்ணாம்புக் குன்றுகள் கரைந்தும் உடைந்தும் போன பின்னர் எஞ்சிய கற்களே.

மலை, சமவெளி, கடற்கரை என்று நாம் பிரித்துப் பேசும் நிலத்தோற்றங்கள் யாவும் ஏறத்தாழ இத்தகைய எச்சங்கள்தாம். எந்தப் பாறை இருந்தது, அது எவ்வாறு அழிந்தது, அழிந்தபின் எது மிஞ்சியது என்ற மூன்று கேள்விகளுக்கான விடையில் ஓர் ஊரின் மண்ணும் நீரும் கரையும் அடங்கிவிடுகின்றன. யாழ்ப்பாணத்தின் கிணறுகளும், சென்னையின் மெரீனாவும், மாமல்லபுரத்தின் பாறைகளும் இதற்கு விதிவிலக்கல்ல.

சிதைவும் அரிப்பும்

பாறைகளை அவை தோன்றிய முறையைக் கொண்டு மூன்றாக வகுப்பது வழக்கம். உருகிய குழம்பு இறுகி உருவானவை தீப்பாறைகள். மணல், சேறு, உயிரினங்களின் ஓடுகள் ஆகியன படிந்து இறுகியவை படிவுப் பாறைகள். இலங்கைப் பாடநூல்கள் இவற்றை அடையற் பாறைகள் என்கின்றன. இவ்விருவகைப் பாறைகளும் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தன்மை மாறும்போது உருமாறிய பாறைகள் தோன்றுகின்றன.

இவை நிலத்தின் மேற்பரப்புக்கு வந்த நாள் முதலே அழியத் தொடங்குகின்றன. அந்த அழிவு இரு கட்டங்களாக நிகழ்கிறது. பாறை இருந்த இடத்திலேயே தளர்ந்து நொறுங்குவது சிதைவு. இதையே வானிலையாலழிதல் என்றும் அழைப்பர். வெடிப்புகளில் புகுந்த நீர் உறைந்து விரிவடைவதாலும், மரவேர் ஊடுருவுவதாலும் பாறை பிளக்கிறது. இது பௌதிகச் சிதைவு. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு மழைநீரில் கரைந்து அதனை மென்மையான அமிலமாக்குகிறது. அந்த அமிலம் பாறையின் கனிமங்களைக் கரைக்கிறது, அல்லது வேறு பொருளாக மாற்றுகிறது. இது இரசாயனச் சிதைவு. இவ்வாறு தளர்ந்த பொருளை ஆறும், அலையும், காற்றும், பனியாறும் பெயர்த்து எடுத்துச் செல்வது அரிப்பு. எடுத்துச் செல்லப்பட்டது எங்கோ ஓரிடத்தில் படிந்தாக வேண்டும். ஆகவே, ஓரிடத்தின் இழப்பு மற்றோர் இடத்தின் வரவாகிறது. இந்த வரவு செலவுக் கணக்கே நிலத்தோற்றத்தின் வரலாறு எனலாம்.

வாண்டில் ஆறும் வெண்பாறைகளும்

லண்டனுக்குத் தெற்கே நீளும் நார்த் டவுன்ஸ் குன்றுகள், வெண்கட்டி எனத் தமிழர் அறிந்த சாக் என்னும் மென்மையான சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. சுமார் 10 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, வெதுவெதுப்பான கடலில் மிதந்து வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் அடித்தரையில் படிந்து அப்பாறை உருவாயிற்று. அது மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தன்மை கொண்டது. குன்றுகளின் வடக்கு ஓரத்தில், நீர் புகவிடாத களிமண் படிவங்களுக்கு அடியில் வெண்பாறை மறையத் தொடங்குமிடத்தில், அந்த நீர் ஊற்றுகளாக வெளிப்படுகிறது. குரோய்டன், கார்ஷால்டன் பகுதிகளில் இவ்வாறு பிறக்கும் வாண்டில் ஆறு, மிச்சத்தின் ஓரமாக ஓடி வாண்ட்ஸ்வொர்த்தில் தேம்ஸுடன் கலக்கிறது. வெண்பாறையில் பிறக்கும் இத்தகைய தெளிந்த ஆறுகளில் பெரும்பாலானவை உலகில் இங்கிலாந்திலேயே உள்ளன.

லண்டன் வீடுகளில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவம், நீரில் கரைந்து வந்த இந்தப் பாறைதான். கரையாத பொருள் ஒன்றும் அப்பாறையில் உண்டு. வெண்பாறைக்குள் கட்டி கட்டியாகக் கிடக்கும் தீக்கல் அது. சுற்றியிருந்த சுண்ணாம்பு போய்விட, தீக்கல் மட்டும் மிஞ்சியது. பனியூழிக் காலத்து ஆறுகள் அதை உருட்டிச் சென்று பள்ளத்தாக்கில் பரப்பின. மிச்சத்தின் சரளைக்கல் பரப்பு அவ்வாறு உருவானது. நீர் எளிதில் வடியும் அந்நிலத்தில் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் லாவெண்டரும் மிளகுக்கீரை எனப்படும் பெப்பர்மிண்டும் பயிராயின. அந்த வாசனைச் செடிகளால் அவ்வூர் பெயர் பெற்றது. ஆற்றின் ஓட்டம் பல ஆலைச் சக்கரங்களைச் சுழற்றியது.

இதே வெண்பாறை இங்கிலாந்தின் தென்கரையில் கடலைச் சந்திக்குமிடத்தில் செங்குத்தான சுவராக நிற்கிறது. டோவர், செவன் சிஸ்டர்ஸ், பீச்சி ஹெட் ஆகியவற்றின் வெள்ளைப் பாறைகள் அழகியவை. ஆனால் அந்த வெண்மையே அழிவின் அடையாளம். அலை அடிப்பாகத்தைக் குடைகிறது, மேற்பாகம் சரிந்து விழுகிறது, புதிய வெள்ளை முகம் வெளிப்படுகிறது. சரிவு நின்றுவிட்டால், செடிகொடி படர்ந்து பாறை பசுமையாகிவிடும். 1999இல் பீச்சி ஹெட்டில் பெரும் சரிவு ஏற்பட்டது. அதே ஆண்டில் அருகிலுள்ள பெல் டூட் பழைய கலங்கரை விளக்கக் கட்டடம், விளிம்பிலிருந்து 17 மீட்டர் உள்நோக்கி முழுமையாக நகர்த்தி வைக்கப்பட்டது.

இப்பகுதி குறித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு கவனத்திற்குரியது. அண்டவெளிக் கதிர்களால் தீக்கல்லில் உண்டாகும் பெரிலியம்-10 என்ற அரிய ஐசோடோப்பின் அளவைக் கொண்டு, பாறை எவ்வளவு காலமாகத் திறந்து கிடக்கிறது என்பதை ஆய்வாளர்கள் கணித்தனர். கடந்த பல ஆயிரம் ஆண்டுகளில் பெரும்பாலும் ஆண்டுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் வரை மட்டுமே பின்வாங்கிய கரை, அண்மை நூற்றாண்டுகளில் ஆண்டுக்கு 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை பின்வாங்குகிறது என்று அவர்கள் கண்டனர். பாறையின் அடியில் அலையின் வேகத்தைத் தாங்கி நின்ற தீக்கல் சரளைக்கரை மெலிந்து போனது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அதாவது, பழைய அழிவின் மிச்சமே புதிய அழிவுக்குத் தடுப்பாக நின்றது. தடுப்பு குறைந்ததும் கடல் பாறையை நேரடியாகத் தொட்டது.

யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல்

இலங்கைத் தீவின் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழமையான கடும்பாறையால் ஆனது. வடக்கும் வடமேற்கும் வேறுபட்டவை. அங்கு நிலத்தின் அடியில் இருப்பது, சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு நிலவிய மயோசீன் காலத்துக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். இங்கிலாந்தின் வெண்பாறையைவிட வயதில் இளையது, கடினமானது. ஆனால் இரண்டின் அடிப்படைப் பொருளும் கால்சியம் கார்பனேட்தான். இரண்டையும் மழைநீர் கரைக்கிறது.

யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே குறிப்பிடத்தக்கது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றே குடாநாட்டின் மழையில் பெரும்பகுதியைத் தருகிறது. அந்த நீர் பாறையின் வெடிப்புகள் வழியே கீழிறங்கி, அவற்றை அகலமாக்கி, குழிகளையும் குகைவழிகளையும் உண்டாக்கியுள்ளது. இந்த வகை நிலத்தைப் புவியியலாளர்கள் கார்ஸ்ட் என்கின்றனர். புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணறு, கூரை இடிந்து திறந்துகொண்ட இத்தகைய குழி. அதன் மேல்நீர் நன்னீர், ஆழத்து நீர் உவர்நீர். கீரிமலையில் கடலோரக் கேணியில் ஊறும் நீரும், நிலத்தடி வழிகளினூடாகக் கடலை நோக்கி வரும் மழைநீரே.

கரையாமல் மிஞ்சியது இங்கும் ஒன்று உண்டு. சுண்ணாம்புக்கல்லில் சிறிதளவே இருந்த களிமண்ணும் இரும்புச் சேர்மங்களும் காலப்போக்கில் மேலே தங்கிச் செம்மண்ணாயின. வலிகாமத்தின் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்தது அந்த மண்ணில்தான். பெருந்தடிமனான பாறை கரைந்தால்தான் சிறிதளவு செம்மண் கிடைக்கும். ஒரு முறை அகழ்ந்து எடுத்துச் சென்றால், மனிதக் கணக்கில் அது திரும்பி வராது.

நிலத்தடியில் நன்னீர், கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் ஒவ்வோர் அடி நன்னீருக்கும் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. இக்கணக்கின் மறுபக்கம் அச்சம் தருவது. மேலே ஓர் அடி நீர் குறைந்தால், கீழேயிருந்து உவர்நீர் 40 அடி வரை உயர இடமுண்டு. துலாவால் நீர் இறைத்த காலத்தில் இந்தச் சமநிலை பெரிதும் குலையவில்லை. மின்சார, எண்ணெய் இயந்திரங்கள் வந்த பின்னர், நன்னீர்க் கிணறுகள் உவர்ப்பாக மாறுவது கரையோரங்களில் பரவலான முறைப்பாடாயிற்று.

கரைந்த பாறைக்கு மற்றொரு பலவீனமும் உண்டு. மணல் நிலம் நீரை மெல்ல வடிகட்டும். ஓட்டையும் வெடிப்புமான சுண்ணாம்புக்கல் அவ்வளவாக வடிகட்டுவதில்லை. உரமும், மலசலகூடக் குழிகளின் கழிவும் விரைவிலேயே நீரைச் சென்றடைகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்துள்ள, லீட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிய நைட்ரேட், குடாநாட்டின் பல கிணறுகளில் காணப்பட்டுள்ளது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த விவகாரம் 2014, 2015 ஆண்டுகளில் பெரும் போராட்டங்களுக்கு வழிவகுத்தது. 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு தனியார் மின் உற்பத்தி நிறுவனம் ஒன்றுக்கு உத்தரவிட்டது.

பாறையே நேரடியாக அகழப்பட்டதும் உண்டு. 1950இல் தொடங்கப்பட்ட காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை, 1990இல் போர் காரணமாக மூடப்படும் வரை, சுற்றுப்புறச் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டே இயங்கியது. அது விட்டுச்சென்ற பெருங்குழிகள் இன்றும் உள்ளன. பல ஆயிரம் பேருக்கு வாழ்வளித்த தொழிற்சாலை என்ற பெருமையை மறுக்க முடியாது. ஆனால் அங்கு வெட்டப்பட்ட கல், குடாநாட்டின் நீர்த்தொட்டியின் சுவரும் ஆகும். 2024 ஆகஸ்டில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. மழையும் பாறையும் செலவின்றிச் செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை இப்போது மின்சாரம் செய்கிறது.

கடும்பாறை தந்த மணல்

பாக்கு நீரிணையின் மறுபுறத்தில் கதை மாறுகிறது. தமிழகத்தின் பெரும்பகுதி, மழைநீரில் எளிதில் கரையாத உருமாறிய பாறைகளின் மேல் அமைந்துள்ளது. சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கருங்கல் இவற்றுள் பெயர் பெற்றது. கல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னாக்கின் கல்லறை அவ்வகைக் கல்லால் ஆனது என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் அதற்குச் சார்னகைட் எனப் பெயரிட்டார்.

கடும்பாறையும் அழியவே செய்கிறது, வேறு விதமாக. நீர் அதன் வெடிப்புகள் வழியே இறங்கி, அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக மாற்றுகிறது. வெடிப்புகளுக்கு இடைப்பட்ட கட்டிகளின் மூலைகள் முதலில் சிதைவதால், உள்ளே உருண்டைக் கற்கள் மிஞ்சுகின்றன. சுற்றியுள்ள தளர்ந்த மண்ணை மழை அடித்துச் சென்றதும், அவை ஒன்றின்மேல் ஒன்றாக வெளியில் தெரிகின்றன. செஞ்சி மலைகளின் தோற்றம் இதனால் வந்தது. மாமல்லபுரத்தில் சரிவில் உருளாமல் நிற்கும், கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை எனப்படும் பெரும்பாறையும் இயற்கைச் சிதைவின் கைவேலையே.

இந்தச் சிதைவில் அழியாமல் மிஞ்சும் கனிமம் குவார்ட்ஸ். அதுவே மணல். அதனோடு இல்மனைட், கார்னெட், மோனசைட் போன்ற கனமான கனிமங்களும் மிஞ்சுகின்றன. அலை இலேசான மணலை இழுத்துச் செல்ல, கனமானவை கரையில் தங்கிக் கருமணலாகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், இலங்கையின் புல்மோட்டையிலும் காணப்படும் கனிம மணல் இதுவே.

எல்லாத் தமிழகமும் கடும்பாறையன்று. இங்கிலாந்தின் வெண்பாறை படிந்துகொண்டிருந்த அதே காலத்தில், அரியலூர்ப் பகுதியைக் கடல் மூடியிருந்தது. அம்மோனைட் போன்ற கடலுயிர்களின் புதைபடிவங்களும், சாத்தனூர்க் கல்மரமும் அதன் சாட்சிகள். அந்தக் கடலின் சுண்ணாம்புக்கல் இன்று சீமெந்து ஆலைகளுக்குச் செல்கிறது. அருகே காரைப் பகுதியில், மென்மையான களிப்படிவத்தை மழை ஆயிரம் கால்வாய்களாகக் கீறியிருக்கிறது. செடி பற்றாத மென்பாறையை நீர் எவ்வளவு எளிதில் வெட்டும் என்பதைக் கண்ணால் காண அதைவிடச் சிறந்த இடம் அரிது.

மணல் செல்லும் வழி

ஆறுகள் கடலில் சேர்த்த மணல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குவதால், மணல் கரையோரமாகவே நகர்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில், ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், சென்னையை ஒட்டிய பகுதியில் இந்த நகர்வு தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. 1870களின் நடுவில் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் இந்தப் பாதையில் குறுக்கே நின்றது. தெற்கே தேங்கிய மணல் மெரீனாவை அகலமாக்கியது. வடக்கே, மணல் வரவு நின்ற ராயபுரம் கரையைக் கடல் தின்றது. நகரத்தார் மாலைக் காற்று வாங்கும் கடற்கரையும், வடசென்னை மீனவர்கள் இழந்த கரையும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

இப்பாடம் புதுச்சேரியில் மீண்டும் எழுதப்பட்டது. 1980களின் இறுதியில் அங்கு அமைந்த துறைமுகத் தடுப்புச் சுவர்களுக்குப் பின்னர், நகரின் மணற்கரை மறைந்து கருங்கல் குவியலே மிஞ்சியது. ஓரிடத்தில் கல் கொட்டிக் கரையைக் காத்தால், அரிப்பு வடக்கேயுள்ள அடுத்த மீனவர் கிராமத்துக்கு நகர்ந்தது. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் அமைத்த செயற்கைத் திட்டு, மணலின் ஒரு பகுதியை மீண்டும் தங்கவைத்தது.

வரவும் குறைந்துவிட்டது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தது முதல், காவிரியின் மணலில் ஒரு பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. அணைக்குக் கீழே கிடப்பதைக் கட்டுமானத் தொழில் அள்ளுகிறது. 1990 முதல் 2018 வரையிலான காலத்தை ஆராய்ந்த இந்திய அரசின் கணிப்பின்படி, நாட்டின் பெருநிலக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கும், தமிழகக் கரையில் 42 சதவீதத்துக்கு மேலும் அரிப்புக்கு உள்ளாகியுள்ளன. உயரும் கடல் மட்டம் இதற்கு மேலும் வலுச்சேர்க்கும். எனினும், பல இடங்களில் உடனடிக் காரணம், வர வேண்டிய மணல் வராமற்போனதே.

பவளம் என்னும் உயிருள்ள பாறை

கரையைக் காக்கும் மற்றொரு பாறை கடலுக்குள் வளர்கிறது. பவளப் பாறை, உயிரினங்கள் இன்றும் கட்டிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புக்கல். அதன்மேல் மோதும் அலை, வலுவிழந்தே கரையை அடைகிறது. மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டப்பட்டது. அங்குள்ள 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் நீருக்குள் மூழ்கிவிட்டன. 2001இல்தான் இந்தியச் சட்டம் பவளங்களுக்கு உயரிய பாதுகாப்பை அளித்தது.

இலங்கையின் தென்மேற்குக் கரையிலும் சட்டவிரோதமாகப் பவளம் அகழப்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர் அக்கரையை ஆராய்ந்தவர்கள், பவளம் அகற்றப்பட்ட இடைவெளிகளின் வழியே நீர் அதிக வேகத்துடன் உட்புகுந்ததாக 2005இல் எழுதினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் ரயில் வண்டி அடித்துச் செல்லப்பட்ட பெரலிய அத்தகைய கரைப்பகுதியில் உள்ளது.

கணக்கில் வராத செலவு

அரிப்பை முற்றாக நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. சுண்ணாம்புக்கல் கரையாதிருந்தால் யாழ்ப்பாணத்தில் செம்மண் இல்லை, கிணறு இல்லை. மலை சிதையாதிருந்தால் காவிரிப் படுகை இல்லை, மெரீனா இல்லை. பாறையின் அழிவில்தான் மனிதர் குடியேற இடம் கிடைத்தது. ஆபத்து தொடங்குவது, இயற்கை ஆயிரமாயிரம் ஆண்டுகளில் சேர்த்த மிச்சத்தை, அதாவது மணலை, செம்மண்ணை, சரளையை, பவளத்தை, நாம் ஒரு தலைமுறைக்குள் அள்ளும்போதுதான்.

இதில் புலம்பெயர்ந்தோருக்கும் பங்கு உண்டு. குடாநாட்டில் வெளிநாட்டுப் பணத்தில் எழும் ஒவ்வொரு வீட்டுக்கும் மணலும் கல்லும் வேண்டும். அதன் வளவில் குழாய்க் கிணறு ஒன்றும் கழிவுக்குழி ஒன்றும், பெரும்பாலும் அருகருகே, அமைகின்றன. கழிவுக்குழியை அடைப்புள்ள தொட்டியாகக் கட்டுவது, கூரை மழைநீரை நிலத்துக்குள் விடுவது, வளவு முழுவதையும் சீமெந்தால் மூடாதிருப்பது ஆகியன பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல. காணிக்கு எல்லைக்கல் நடுவோர், அக்கல்லுக்கு அடியில் உள்ள பாறை அயல்வீட்டுக்கும் பொதுவானது என்பதை நினைவிற்கொள்வது நல்லது. வேலிக்கு இப்பால் ஊற்றியது அப்பாலுள்ள கிணற்றில் ஊறும்.